தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியாவா, பைபோலாரா?

வணக்கம். 24 வயதில் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்றார்கள். காதில் குரல் கேட்கிறது என்பான், அதை வைத்துத்தான். நாலு வருடம் கழித்து இன்னொரு டாக்டர் பைபோலார், அதாவது மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய் என்கிறார். தூக்கமே இல்லாமல், கடன் வாங்கிச் செலவழித்து, தலைகால் தெரியாமல் துள்ளிய நாட்களில் மட்டும்தான் குரல் கேட்டிருக்கிறது, இடையில் தெளிவாகவே இருந்திருக்கிறான் என்பது அவர் கணக்கு. இப்போது மனநிலையைச் சீராக வைக்க லித்தியம் மாத்திரை, ரத்தத்தில் அதன் அளவு பார்க்க அடிக்கடி பரிசோதனை.

அம்மாவுக்கு ஒரே நிம்மதி. ‘பைத்தியம் இல்லையாம், மூடுதானாம்’ என்று பெண் பார்க்கவே கிளம்பிவிட்டார். எனக்கு அதுதான் பயம்.

இப்படி நோயின் பெயர் மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பழைய மாத்திரையை டாக்டர் தொடரச் சொன்னாரா, குறைத்தாரா? அப்புறம், மாற்றுத்திறனாளி சான்றிதழில் பழைய பெயரே இருக்கிறது. அதை மாற்ற எங்கே போக வேண்டும்?