பச்சையாக வாங்கிய பவளம் பழுப்பாகிவிட்டது: விளக்கா, தண்ணீரா?

தேவனாம்பட்டினம் அலை:
4 மாசம் முன்னால் என் கடல்நீர் மீன் தொட்டிக்கு, ஒரு கல்லில் கூட்டமாக ஒட்டி வளர்ந்த ஜோவாந்திட்டும் (பூப்போல விரியும் சின்னப் பவளம்) 3 காளான் பவளமும் உயிரோடு வாங்கி வைத்தேன். வந்தபோது ஜோவாந்திட் நல்ல கிளிப்பச்சை, இப்போது மொத்தமும் டீத்தூள் நிறம். சாகவில்லை, பகலில் விரிகிறது, காளான் முன்னைவிடப் பெருத்துக்கூட இருக்கிறது. 3 அடி தொட்டி, வெப்பம் 26 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 35. விற்றவர் "விளக்கு போதாது, பெரிசா மாத்துங்க" என்கிறார். 12,000 ரூபாய் ஆகும். மாற்றலாமா?

மஞ்சக்குப்பம் மூத்தவர்:
மாற்று தம்பி. பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்கிற நுண்பாசி குடியிருக்கிறது, அது வெளிச்சத்தில் சமைத்துப் போடுவதுதான் பவளத்துக்குப் பெரும்பங்கு சோறு. வெளிச்சம் குறைந்தால் கிடைப்பதையாவது விடாமல் பிடிக்க அந்தப் பாசி பச்சையத்தை ஏற்றிக்கொள்ளும், அதனால் பழுப்பு தூக்கலாகிவிடும். பச்சை, ஊதா, நீலமெல்லாம் பாசியின் நிறமில்லை, பவளமே செய்துகொள்ளும் புரதங்கள். அவற்றில் பலவற்றைச் செய்யத் தூண்டுவது நீல வெளிச்சம். 11 வருஷமாக இதைத்தான் பார்க்கிறேன்.

லாஸ்பேட்டை உப்புநீர்:
அண்ணே, நீங்கள் சொன்ன விஷயம் சரி, ஆனால் இந்தத் தொட்டிக்கு அது பொருந்தவில்லை. வெளிச்சம் போதாத ஜோவாந்திட் தண்டை நீட்டி விளக்கை எட்டிப் பார்க்கும். தம்பி, உங்களுடையது நீண்டிருக்கிறதா? மீனுக்கு எத்தனை வேளை போடுகிறீர்கள்? மிச்சத் தீனியும் மீன் கழிவும் அழுகி வரும் நைட்ரேட் எவ்வளவு?

தேவனாம்பட்டினம் அலை:
நீளவில்லை சார், கல்லோடு ஒட்டித்தான் இருக்கிறது. மீன் 6. ரெண்டு வேளை போடுவேன், லீவுக்கு அக்கா பிள்ளைகள் வந்திருந்தபோது நாலு வேளைகூட ஆனது. இப்போதுதான் சோதனைக் கிட்டில் பார்த்தேன், லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், பாஸ்பேட் 0.3.

லாஸ்பேட்டை உப்புநீர்:
அப்புறம் என்ன? வயலுக்கு யூரியா போட்ட கதைதான். உரம் கிடைத்ததும் பாசி சதைக்குள் பெருகி, பவளத்தின் சொந்த நிறத்தை மூடிவிட்டது. 12,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள்.

வில்லியனூர் நீலம்:
அந்தப் பணத்தில் அக்ரோபோரா என்கிற கிளைவிடும் கல் பவளம் ஒரு துண்டு வாங்குங்கள், கலர் என்றால் அதுதான் கலர்.

மஞ்சக்குப்பம் மூத்தவர்:
வேண்டவே வேண்டாம். கல் பவளம் அத்தனையும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998லும் 2016லும் கடல் சூடேறி, உள்ளிருந்த பாசியை இழந்து வெளுத்துச் செத்தது போக மிச்சம் இருப்பதையாவது கடலில் விட்டுவைக்கலாம்.

லாஸ்பேட்டைக்கு: நைட்ரேட் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களைப் போல யாராவது சொன்னதும் ஆட்கள் அதைச் சைபருக்கு இறக்கிவிடுகிறார்கள். போன வருஷம் நானே பாஸ்பேட் உறிஞ்சும் மீடியாவை அளவுக்கு மேல் போட்டேன். ரெண்டே வாரத்தில் தோல் பவளம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளிறிச் சுருண்டது, பாதிக்கு மேல் போய்விட்டது. நைட்ரேட் ஏறியிருக்கும்போது பாஸ்பேட்டைப் பட்டினி போட்டால் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் பவளம் சீக்கிரம் வெளுக்கும் என்று 2013லேயே சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பழுப்புப் பவளம் உயிரோடு இருக்கிறது அய்யா, வெளிறினதுதான் பட்டினி கிடக்கிறது.

லாஸ்பேட்டை உப்புநீர்:
சைபர் என்று நான் எங்கே சொன்னேன் அண்ணே? நைட்ரேட் 5க்கும் 10க்கும் நடுவில், பாஸ்பேட் 0.05 பக்கம், அதுவும் ரெண்டு மாசத்தில் மெதுவாக. மீனுக்கு ஒரு வேளை, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், மீடியா எதுவும் வேண்டாம். தம்பி கடல் தண்ணீர் எடுப்பவராக இருந்தால் மழை விட்ட கையோடு எடுக்காதீர்கள், கெடிலமும் பெண்ணையாறும் கொண்டுவந்து கொட்டியிருக்கும், உப்பும் குறைந்திருக்கும்.

இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நீல டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை ஒளிர்ந்தால் நிறம் உள்ளேதான் இருக்கிறது.

மஞ்சக்குப்பம் மூத்தவர்:
ஒளிராவிட்டாலும் பயப்படாதே. ஊதா, நீலத்தில் சில புரதம் ஒளிராது.

தேவனாம்பட்டினம் அலை:
அடித்துப் பார்த்தேன்! பகலில் வெறும் பழுப்பாக இருந்த ஜோவாந்திட்டில் ஒவ்வொரு வாயைச் சுற்றியும் நூல் மாதிரி பச்சை வளையம், விளிம்பு முடிகளின் நுனியிலும் பச்சைப் புள்ளி. 3 காளானில் ரெண்டு ஒளிர்கிறது, ஒன்று இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது, விளக்குக்குக் கீழே மூடிக் கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் படிந்து கெட்டியாகக் கிடக்கிறது.

மஞ்சக்குப்பம் மூத்தவர்:
பார்த்தாயா, வெளிச்சம் அங்கேயே நின்றுவிடுகிறது. இன்றைக்கே சுரண்டு. ஆனால் சுரண்டின அன்று விளக்கைப் பாதியாகக் குறைத்து வைத்து, மூணு வாரத்தில் ஏற்று, இல்லையென்றால் சுட்டுவிடும்.

லாஸ்பேட்டை உப்புநீர்:
ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? முதலில் தீனி. கண்ணாடி ரெண்டு மாசம் அப்படியே இருக்கட்டும்.

மஞ்சக்குப்பம் மூத்தவர்:
அழுக்குக் கண்ணாடியை ரெண்டு மாசம் வைத்திருக்கச் சொல்வதற்கு என்னால் சம்மதிக்க முடியாது.

தேவனாம்பட்டினம் அலை:
அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், தீனியிலிருந்தே தொடங்குகிறேன். ஒளிராத அந்தக் காளானை மட்டும் கண்ணாடி இல்லாத ஓரத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன், விளக்கு நேராக விழாத இடம்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதையும் நகர்த்தாத மற்றவற்றையும் படம் எடுத்துப் போடுகிறேன்.