வளரும் கம்பெனியில் வேலை: உங்கள் அனுபவம் எப்படி?

காரைக்குடிக்காரன்:
பி.காம் முடித்ததும் ஊரிலேயே ஒரு பலகாரக் கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். முதலாளியம்மாவை எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். பழைய வீடுதான் கம்பெனி, பின்கட்டில் அடுப்பு, வளவு முழுக்க அட்டைப்பெட்டி, முகப்பில் என் மேஜை. கணக்கு என்று பேர்தானே தவிர ஜிஎஸ்டி ரிட்டர்ன், கூரியர்காரரோடு மல்லுக்கட்டு, சிங்கப்பூர் பார்சலில் சீப்புச் சீடை தூளாகிவிட்டது என்று போன் வந்தால் சமாதானம், எல்லாம் என் தலையில். ஆனால் தொழில் பழகியது அப்படித்தான். சென்னையில் பெரிய இடத்தில் சேர்ந்த என் கூட்டாளி இன்னமும் பில் எண்ட்ரி மட்டும்தான் போடுகிறான்.

சரி, கஷ்டம்? தீபாவளி நெருங்கினால் வீட்டை மறந்துவிட வேண்டும். ஓவர்டைம் கேட்டால் "நம்ம வீட்டு வேலை மாதிரி நெனச்சுக்கப்பா" என்று பதில் வரும். அதைக்கூடப் பொறுக்கலாம். 20 பேர் ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டியாக வேண்டும், எங்கள் பதிவேடோ 19-ஐத் தாண்டவே தாண்டாது! மணகோலம் பிழிகிற அக்காக்கள் எல்லாம் தினக்கூலியாம், கணக்கில் வரமாட்டார்களாம். சட்டப்படி அவர்களும் சேர்த்திதான்.

தேவகோட்டை வாசி:
எங்க ஐயா பர்மாவில் வட்டிக்கடைக்கு வேலை பழகும் பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாள், கடையையே நடத்தும் மேலாள் என்று ஏறியவர். மூன்று வருஷக் கணக்கு, சம்பளம் இவ்வளவு என்று சீட்டு எழுதிவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்களாம். நான் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டு முறை பதவி உயர்ந்தது, இரண்டும் வாய்வார்த்தைதான், சம்பளம் மட்டும் "அடுத்த ஃபண்டிங் வரட்டும்". அனுபவத்தைக் காட்டி வேறு இடத்தில் நல்ல சம்பளம் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளத்தூர் பொண்ணு:
அண்ணே, அடுப்படி ஆளுங்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடாவது உண்டா?

காரைக்குடிக்காரன்:
பத்துப் பேர் இருந்தாலே உண்டும்மா, மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. நம்மிடம் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள், முதலாளி பங்கு 3.25. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவர்களுக்கு இதுகூட இல்லையென்றால் எப்படி? கையில் எண்ணெய் தெறித்த அக்கா ஒருவர் சொந்தக் காசில்தான் வைத்தியம் பார்த்தார். அதற்கப்புறம் ஆச்சியிடம் விடாமல் பேசி இ.எஸ்.ஐ. பதிய வைத்தோம். பி.எஃப். இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது. நீ புதிதாகச் சேர்வதாக இருந்தால் முதல் மாதமே உன் பி.எஃப். கணக்குக்கான யுஏஎன் எண்ணைக் கேட்டு வாங்கு, பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்.