கிளைச் சுட்டெண்ணா, கிளைச் சுருக்க விகிதமா?

ஐயா, வணக்கம்.

பலபடியின் (பாலிமர்) நீண்ட சங்கிலி மூலக்கூறு எவ்வளவு கிளைத்திருக்கிறது என்று அளக்கும் எண்ணுக்கு (branching index) நீங்கள் தந்த ‘கிளைச் சுட்டெண்’ என்ற கலைச்சொல் சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனால் காரைக்குடியில் என் முதுகலை மாணவர்களிடம் சொன்னபோது, சுட்டெண் கூடினால் கிளை கூடும் என்றே எடுத்துக்கொண்டார்கள். உண்மை அதற்கு நேர்மாறு.

சிம், ஸ்டாக்மேயர் என்ற வேதியியலாளர் இருவரும் 1949-இல் கணக்கிட்டுக் காட்டியது ஒரு விகிதம். மூலக்கூறு நிறை சமமாக உள்ள இரண்டு சங்கிலிகள். ஒன்று கிளைத்தது, மற்றது நேரானது. மூலக்கூறு எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதைக் காட்டுவது சுழற்சி ஆரம். கிளைத்ததன் சுழற்சி ஆரத்தின் வர்க்கச் சராசரியை நேரானதன் வர்க்கச் சராசரியால் வகுக்கிறோம். கிளையே இல்லையென்றால் விடை 1. கிளைக்கக் கிளைக்க மூலக்கூறு தனக்குள் ஒடுங்கும், எண் இறங்கும். சமநீளக் கைகள் மூன்று கொண்ட விண்மீன் வடிவத்துக்குக் கணக்குப்படி 7/9, ஏறத்தாழ 0.78, நான்கு கைகளுக்கு 0.625.

எங்கள் கண்டாங்கிச் சேலை பருத்தி, அலசினால் சுருங்கும். அலசிய பின் நிற்கும் நீளத்தைப் பழைய நீளத்தால் வகுத்துப் பாருங்கள், இதே போக்குதான். அதனால் ‘கிளைச் சுருக்க விகிதம்’ என்கிறேன். எண் ஏன் இறங்குகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். இரண்டு சங்கிலிகளின் உள்ளார்ந்த பாகுநிலையை (கரைசலின் பாகுத்தன்மையைப் பலபடி எவ்வளவு கூட்டுகிறது என்ற அளவு) ஒப்பிட்டுப் பெறும் விகிதத்துக்குப் ‘பாகுநிலைச் சுருக்க விகிதம்’ போதும். கிளைத்திருக்கும் தன்மைக்குக் ‘கிளைமை’ என்ற சொல் வேண்டாம், பழந்தமிழில் அது உறவு.

எத்தனை கிளை என்ற எண்ணிக்கை வேறு. பாலிஎத்திலீனில் ஆயிரம் கார்பனுக்கு இத்தனை என்று கார்பன்-13 அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (NMR) முறையில் எண்ணுகிறார்கள். இதற்கு எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று ஆசையோடு தருகிறேன். நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் அந்தத் தம்பதி கணக்கில் புதுப் ‘புள்ளி’. கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். அவர்களை வேறு வைத்துவிட்டால், அதாவது தனிச் சமையலுக்குப் பிரித்துவிட்டால், வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. சங்கிலியில் கிளை பிரியும் இடமும் புள்ளிதானே! ‘கிளைப்புள்ளிக் கணக்கு’ என்றால் இடமும் எண்ணிக்கையும் சேர்ந்து வருகின்றன.

இன்னொன்று. சுருக்க விகிதத்தை வெகுவாகக் குறைப்பவை நெடுங்கிளைகள். நாலைந்து கார்பன் கொண்ட குறுங்கிளைகளால் அது அவ்வளவாக அசையாது. இரண்டையும் ‘கிளை’ என்றே எழுதினால் மாணவர் குழம்புவார். நெடியதைக் ‘கொப்பு’ என்றும் குறியதை ‘இணுக்கு’ என்றும் வைக்கலாமா? கறிவேப்பிலை ஓர் இணுக்கு என்று கேட்டு வாங்காத வீடு எங்கள் பக்கம் இல்லை. பாடநூலுக்கு இவை பேச்சுவழக்காகப் படுமா என்பதை மட்டும் தாங்கள் சொல்ல வேண்டும்.