ஸ்பிரிங் தொட்டிலுக்கு உள்கயிறு: விட்டே ஆகணுமா?

பட்டறைக்காரன்
நேத்து இங்கன ஒரு பதிவு கெடந்துது: "ஸ்பிரிங் தொட்டில் ஒண்ணு வாங்கி ஃபேன் கொக்கியில மாட்டிருங்க, மொத ஒரு வருஷம் ஆத்தாளும் புள்ளையும் நிம்மதியாத் தூங்கலாம்." எழுதினவர் பொதிகைச்சாரல். ஆளாளுக்கு ஆகா ஓகோன்னு கைதட்டியிருக்கிய. ஸ்பிரிங்குக்கு உள்ள ஒரு கயிறு விடணும்னு ஒருத்தர் வாயிலயும் வரல.

ஸ்பிரிங் நடுவுல ஒடியாது. ரெண்டு முனையையும் கொக்கியா வளைச்சிருக்கான் பாருங்க, அந்த வளைவுலதான் ஒடியும். ஆடுத ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த இடம்தான் நெளிஞ்சு நிமிருது. துருவும் ஏறிட்டா அங்கன ஒரு கீறல் விழும், கண்ணுக்குத் தெரியாது. பொறவு ஒருநாள் பட்டுன்னு போவும். அதுக்குத்தான் உள்கயிறு. 8 எம்.எம். நூல் கயிறு, மேல சீலிங் வளையத்துல ஒரு முடிச்சு, கீழ தொட்டில் வளையத்துல ஒரு முடிச்சு. ஸ்பிரிங்கோட கொக்கியிலயே கயித்தைக் கட்டுத புத்திசாலிகளும் இருக்காவ. கொக்கி ஒடிஞ்சா கயிறும் சேந்து கையோட வந்துரும்.

பொதிகைச்சாரல்
அண்ணாச்சி, பேரைச் சொல்லி இழுத்ததுக்கு ரொம்ப சந்தோஷம். கயித்தை உள்ள விட்டா ஸ்பிரிங் என்னத்துக்கு? கீழ எறங்குத நேரம் கயிறு விறைச்சு சடக்குன்னு நிக்கும். தூங்குத புள்ள தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சிரும். அம்பாசமுத்திரத்துல இருந்து வள்ளியூர் வரைக்கும் எந்த வீட்டுல உள்கயிறு விட்டிருக்காவ, காட்டுங்க பாப்போம்.

பட்டறைக்காரன்
சடக்குன்னு நிக்குதுன்னா கயிறு குட்டை. அளக்கத் தெரியாததுக்குக் கயிறு என்ன செய்யும்?

அளவு எடுக்க வழி இருக்கு. பொறந்த புள்ள 3 கிலோ வாக்குல இருக்கும். அஞ்சு மாசத்துல அது ரெண்டு மடங்கு, ஒரு வயசுல மூணு மடங்கு. அப்போ 9 கிலோ. 10 கிலோ அரிசிப் பையைத் தொட்டில்ல வச்சு, ஆடும்போது எவ்வளவு எறங்குமோ அவ்வளவு கையால கீழ இழுத்துப் பிடிங்க. மேல் வளையத்துக்கும் கீழ் வளையத்துக்கும் உள்ள நீளம் என்னவோ அதோட நாலு விரக்கடை கூட்டிக்கோங்க. அதுதான் உள்கயிறு. சும்மா தொய்வாக் கெடக்கணும். ஸ்பிரிங் ஒடியுத அன்னைக்கு மட்டும்தான் அதுக்கு வேலை. அது ஒடிஞ்சாலும், ஆட்டத்துல தொட்டில் எறங்குத அடிமட்டத்தை விட நாலு விரக்கடைக்கு மேல எறங்காது.

நெல்லை_நர்ஸ்
கயிறு உள்ளயா வெளியயான்னு சண்டை போடுதியளே, புள்ளையோட கழுத்தைப் பத்தி ஒருத்தராவது பேசுதியளா? சேலைத் தொட்டில்ல உடம்பு வளையும், நாடி, அதான் முகவாய், வந்து நெஞ்சுல இடிக்கும், மூச்சுக்குழாய் ஒடுங்கும். கழுத்து நிக்காத மொத மூணு நாலு மாசத்துலதான் இது ரொம்ப ஆபத்து. மல்லாக்கப் படுக்க வைக்கணும், சமமான கெட்டிப் படுக்கை, தலையணை கூடாது. ஆட்டணும்னா பக்கத்துலயே இருந்து ஆட்டிட்டு, தூங்கினதும் பாய்க்கு மாத்துங்க.

டவுன்_ஆச்சி
நர்ஸம்மா, திருநெல்வேலிச் சீமையில தொட்டில்ல கெடக்காம வளந்த புள்ள எது? எல்லாம் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கு.

ஸ்பிரிங்கே வேண்டாம்னு நான் சொல்லுதேன். அஞ்சரை மீட்டர் பழைய நூல் சேலை. ரெண்டா மடிச்சு, ரெண்டு தலைப்பையும் சேத்து முடிச்சு. பட்டும் ஆகாது, பாலியெஸ்டரும் ஆகாது, முடிச்சு வழுக்கும், வேர்க்கவும் செய்யும். உத்தரத்துல கயித்தைப் போட்டு, கீழ பாய் விரிச்சு, தரையில இருந்து ஒரு சாண் ஒசரத்துல தொங்கவிட்டா அது பாட்டுக்கு ஆடும். இவிய என்னத்தையோ எம்.எம். கணக்குச் சொல்லிக்கிட்டு.

பேட்டை_மருமக
ஆச்சி, வாய் விரிய கம்பு வைப்பாவள்ல, அது எத்தனை அடி?

டவுன்_ஆச்சி
ஒண்ணரை அடி போதும் தாயி. ரெண்டு முனையிலயும் சின்ன வெட்டு இருக்கணும், சேலை அதுல உக்காரும். கம்பைச் சேலையோட சேத்து நாடாவால கட்டிப்போடு. கட்டாம வச்சா நழுவி புள்ள நெத்தியில விழும்.

பட்டறைக்காரன்
உத்தரம்! இப்ப எத்தனை வீட்டுல ஆச்சி உத்தரம் இருக்கு? இருக்குத வீட்டுலயும் கட்டையோட முனை கயித்தை அறுக்கும், சாக்குத் துண்டு ஒண்ணை மடிச்சு அடியில வைக்கணும். கட்டை அடுக்கிச் செங்கல் பாவின பழைய மச்சுல டிரில் போட்டுராதிய, செங்கல் பொலபொலன்னு கொட்டும். கான்கிரீட் சீலிங்னா 10 எம்.எம். ஆங்கர் ஃபாஸ்ட்னர், துளைக்குள்ள விரிஞ்சு பிடிக்குத போல்ட்டு, வளையம் வச்சது. பூச்சுல நின்னுறக் கூடாது, கான்கிரீட்டுக்குள்ள எறங்கணும். மாட்டின பொறவு 20 கிலோ மூட்டையை ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பாருங்க.

ஃபேன் கொக்கியில மாட்டச் சொன்னாரே நம்ம பொதிகைச்சாரல், அதையும் கேட்டுக்கோங்க. ஃபேன் தொங்குத அதே கொக்கியில தொட்டில் குலுங்கக் குலுங்க, ஃபேனோட ரப்பர் புஷ் தேயும், போல்ட்டு கழலாமப் பிடிக்குத ஸ்பிளிட் பின் நகரும். ஃபேனுக்கு நேர் கீழ யாரு படுத்திருக்கா? புள்ள. ஃபேனைக் கழட்டி வச்சிட்டு மாட்டினா அது வேற பேச்சு.

அப்புறம் மறுபடியும் சொல்லுதேன்: உள்கயிறு.

பொதிகைச்சாரல்
ஃபேனுக்குப் போயாச்சு, மச்சுக்குப் போயாச்சு. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. உள்கயிறு விட்டா ஆட்டம் குறையுமா குறையாதா? ஸ்பிரிங் சுருளுல கயிறு உரசும், நைஞ்சு போவும். நைஞ்ச கயிறு புள்ளையைத் தாங்குமாக்கும்!

பட்டறைக்காரன்
சுருளு அகலம் பாத்து வாங்கணும் வே. கயிறு உள்ள ஓடுத அளவுக்கு வாய் இல்லாத ஸ்பிரிங்கை ஏன் வாங்குதீரு? உரசுதுன்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தும், கயிறு விலை என்ன விலை? 9 கிலோவுக்கு நல்லா ஆடுத கெட்டி ஸ்பிரிங்கை 3 கிலோ புள்ளைக்கு மாட்டிட்டு "ஆடவே மாட்டேங்குது, கயிறுதான் காரணம்"னு சொல்லுத ஆளுகதான் கயித்தைப் பழிக்குதாவ. கனம் பத்தாம ஸ்பிரிங் விறைச்சு நிக்குது. பெட்டியில எடை எவ்வளவு போட்டிருக்கான்னு பாக்க மாட்டிய.

சிங்கை_மாப்ளை
இன்னுமா கயிறு, சேலை? மோட்டார் தொட்டில் வந்தாச்சு. பட்டனைத் தட்டினா அதுவே ஆட்டும்.

டவுன்_ஆச்சி
கரண்டு போனா மாப்ளை அங்க இருந்து விமானத்துல வந்து ஆட்டுவாரு.

சிங்கை_மாப்ளை
இப்படிப் பேசிப் பேசித்தான் ஊருல இன்னும் கோவணத்துணி துவைச்சுக்கிட்டு கெடக்கிய. டயப்பர் போடுங்க, பாதி வேலை குறையும்.

டவுன்_ஆச்சி
துணிக்கு என்ன கொறச்சல்? மூணு டஜன் மல்லுத்துணி இருந்தா போதும். துணி மணக்கக் கண்டிஷனர் ஊத்தாம இருந்தாலே நல்லா ஈரம் இழுக்கும், ஊத்தினா இழை மேல மெழுகு மாதிரி படிஞ்சு ஒண்ணுக்கு வழிஞ்சு ஓடும். நல்ல வெயில்ல காஞ்ச துணி போட்டா தொடையிடுக்குல புண்ணு வராது.

நெல்லை_நர்ஸ்
ஐப்பசி கார்த்திகை அடைமழையில எந்த வெயில்ல ஆச்சி காயப் போடுவிய? ஈரம் போகாத துணியாலதான் பாதிப் புண்ணு. பகல்ல துணி, ராத்திரிக்கு ஒரு டயப்பர், விடிஞ்சதும் கழட்டிக் கழுவித் தொடச்சு கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க. ஒரு வாரம் ஆன புள்ள நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போனாத்தான் பால் பத்துதுன்னு அர்த்தம். துணியில அதை எண்ணலாம், டயப்பர்ல எண்ண முடியாது, அதுக்காக மட்டும் உங்க கட்சி. ஆனா கையில வசம்பு வளையல் கட்டுதிய பாருங்க, அதுக்கு வர மாட்டேன். புள்ள அதைத்தான் நாள் முழுக்கச் சப்புது. வசம்பை உரசியும் குடுக்காதிய. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால், வேற ஒண்ணும் வேண்டாம், தண்ணி கூட.

டவுன்_ஆச்சி
வசம்புன்னு பேரு சொல்லக் கூடாது, பேர்சொல்லாததுன்னு சொல்லணும். அது கூடத் தெரியாத நர்ஸு.

பாளையங்கோட்டையான்
டவுன்காரங்க எதுக்கெடுத்தாலும் இப்படித்தான், படிச்சவங்க சொன்னா ஏறாது.

டவுன்_ஆச்சி
ஆமா, படிப்பு பூரா ஆத்துக்கு அக்கரையில பாளையிலதான் கெடக்கு, இக்கரை டவுனுல நாங்க தற்குறி.

பட்டறைக்காரன்
டவுனு, பாளை, வசம்பு... வந்த வேலையை விட்டுட்டியளே. இன்னொண்ணு விட்டுப்போச்சு: எஸ் கொக்கி. ஸ்பிரிங்கையும் தொட்டிலையும் சேக்க எல்லாரும் திறந்த எஸ் கொக்கி மாட்டுதாவ. புள்ளையைத் தூக்கினதும் ஸ்பிரிங் படக்குன்னு மேல ஏறும், கொக்கி பாதி கழண்டு நுனியில நிக்கும். அடுத்த தடவை புள்ளையைப் போடுத நேரம் சரியா அந்த நுனியிலதான் எடை விழும். பூட்டு வளையம் போடுங்க, திருகி மூடுதது. அது இல்லன்னா எஸ் கொக்கியோட ரெண்டு வாயையும் பட்டறையில குடுத்து அடிச்சு மூடிருங்க. ஸ்பிரிங் மேல துணி உறை போடுங்க, சுருளுக்குள்ள புள்ள விரலோ ஆத்தா தலைமுடியோ போயிரக் கூடாது. அப்புறம் ஒசரம்: ஸ்பிரிங்னா எடையோட எறங்கின நெலையில முழங்கால் ஒசரம், அதுக்கு மேல வேண்டாம், கீழ மெத்தை.

நெல்லை_நர்ஸ்
கையை ஊனி எந்திரிக்கப் பாக்குத புள்ளைக்கு எந்த ஒசரமும் ஆபத்துதான். குப்புற விழ ஆரம்பிச்சதும் தொட்டிலைக் கழட்டி வைங்க. ஒரு வயசு வரைக்கும் தொட்டில்னு நேத்து எழுதினதுலதான் மொதத் தப்பே இருக்கு, கயித்துல இல்ல.

பொதிகைச்சாரல்
எல்லாருமாச் சேந்து என்னையவே குத்துதிய. கழட்டுங்க, மாட்டுங்க, உங்க வீடு உங்க புள்ள. ஆனா உள்கயிறு விட்டா ஆட்டம் குறையும். அவ்வளவுதான்.

பட்டறைக்காரன்
குறையாது. கயித்து நீளத்தை அளந்து இங்கன போடும், பொறவு பேசுவோம். இஞ்சுல போடும், முழத்துல போடாதியும்.