லாரி இழுக்காத டிரெய்லருக்கு ஒரு சொல்

பாளையங்கோட்டை:
பழைய ரேஸ் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல் தொண்டையில் நிற்கிறது. பின்சக்கரத்தருகே தொங்கிக்கொண்டு, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றும் கருவி. ஆங்கிலத்தில் derailleur என்பதால் டிரெய்லர் என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் “லாரி இழுக்குமே, அதுவா?” என்று கேட்டுவிட்டார். ‘கியர்’ என்றால் பல்சக்கரங்களையும் குறித்துவிடும். உதவுங்கள்.

தென்காசி:
மூலம் பிரெஞ்சு, தண்டவாளத்தை விட்டு இறக்குவது என்று பொருள். ஆகவே ‘தடம்புரட்டி’. புரள் தன்வினை, புரட்டு பிறவினை, மண்வெட்டியில் வருவதுபோல் கருவிப்பொருளில் இகர விகுதி. இதில் என்ன குறை?

அம்பாசமுத்திரம்:
அண்ணாச்சி கோபிக்கக் கூடாது. தடம் புரண்டது என்றால் ரயில் கவிழ்ந்த செய்திதான் நினைவுக்கு வருகிறது. புரட்டு என்றால் பொய்யும்கூட.

போன மாதம் இரும்புக்கடையில் எடைக்கு வாங்கிய சைக்கிளில் ஜப்பானின் சன்டூர் கருவி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். கறுப்புப் பிசின் கரைந்ததும் சாய்ந்த இணைகரம் ஒன்று தெரிந்தது. 1964இல் அந்த நிறுவனம் காப்புரிமை பெற்ற அமைப்பு அதுதான். கம்பியை இழுத்தால் இணைகரம் சரிகிறது. இரண்டு குட்டி உருளைகளும் செயினைப் பக்கத்துப் பல்சக்கரத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகின்றன. புரட்டல் எங்கே இருக்கிறது? ‘பல்மாற்றி’ என்று வையுங்கள்.

வள்ளியூர்:
பல்மாற்றி என்றால் பல் மருத்துவர்.

திருநெல்வேலி டவுன்:
பட்டறைத் தமிழை யாரும் கேட்பதில்லை. சக்கரம் நெளிந்தால் ‘கோட்டம் எடுப்பது’ என்கிறார்கள். குறள் 119இல் வரும் சொற்கோட்டம், உட்கோட்டம் எல்லாம் அதே கோட்டம்தான். கோடு என்றால் வளைவு. அதனால் யானைக்கொம்பும் கோடு, சங்கும் கோடு, குளக்கரையும் கோடு. இனி கோயிலைக் குறிக்கும் கோட்டத்துக்கு வருகிறேன்…

பாளையங்கோட்டை:
ஐயா, வெள்ளிக்கிழமை!

கல்லிடைக்குறிச்சி:
செயின் என்று எழுதுவதே முதல் பிழை. சங்கிலியும் வடசொல். ‘தொடர்மாற்றி’ என்க.

அம்பாசமுத்திரம்:
எங்கள் வீட்டில் தொடர்மாற்றி என்றால் ரிமோட். அது அம்மாவின் கையில் இருக்கிறது.

வள்ளியூர்:
ஆடிக் காற்றை எதிர்த்துப் பணகுடிக்கு மிதித்துப் பாருங்கள், சொல்லாராய மூச்சு இருக்காது. 1937இல்தான் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இந்தக் கருவியை எல்லோருக்கும் அனுமதித்தார்கள். அதற்கு முன் பலர் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டித்தான் கியர் மாற்றினார்கள். எனக்கு ஓவராயில் செய்து தருபவர் ‘செயின்தள்ளி’ என்கிறார். முன்னால் இருப்பது முன்தள்ளி, பின்னால் இருப்பது பின்தள்ளி.

தென்காசி:
தள்ளி வினையெச்சமாகவும் நிற்குமே. ‘பின்தள்ளி இறுக்கவும்’ என்று அச்சிட்டால் படிப்பவர் எதைப் பின்னால் தள்ளுவார்?

வள்ளியூர்:
நீங்கள் காட்டிய மண்வெட்டியிலும் வெட்டி வினையெச்சம்தான் அண்ணாச்சி. யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

பாளையங்கோட்டை:
செயின்தள்ளிக்கு ஐந்து பேர், பல்மாற்றிக்கு மூன்று பேர். செயின்தள்ளி என்றே போட்டுப் பக்கத்தில் படமும் வைத்துவிட்டேன். உருபு சேர்த்து ‘பின்தள்ளியை இறுக்கவும்’ என்று திருத்தியாயிற்று.

தென்காசி:
உருபுக்கு நன்றி. எனக்கு வரும் பிரதியில் ‘தடம்புரட்டி’ என்று பேனாவால் திருத்திக்கொள்வேன்.

திருநெல்வேலி டவுன்:
கோட்டத்தை இன்னும் முடிக்கவில்லை.