பூட்டிக் கெடந்த தறவாட்டுல சோத்து மணம்

கல்குளத்துக்காரன்:
தக்கலைப் பக்கம் அம்மா வழி தறவாடு, பரம்பரை வீடு. பாகப்பிரிவினை கேஸுல பூட்டிக் கெடந்தது, இப்பதான் தீந்துது. புதுக்கணும்னு அளவெடுக்க நானும் மாமா மகனும் போனோம். முன்வாசல் பூமுகம், நடுமுற்றம், நெல்லு வைக்கிற அறப்புரையெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஓட்டுக்கு அடியில உள்ள மச்சுக்கு ஏணிப்படி ஏறித் தட்டுப்பலகைக்கு மேல தலைய நீட்டுனேன் பாருங்க, கமகமன்னு சோத்து மணம்! அப்பதான் வடிச்ச பாஸ்மதிச் சோறு. கீழ அடுப்புச் சாம்பல் மழைத்தண்ணி ஒழுகிக் கல்லா இறுகிக் கெடக்கு. "அம்மச்சியாக்கும்"னான் மாமா மகன், செத்துப்போன எங்க பாட்டியச் சொல்லுதான். பொறவு அவன் மேல ஏறவே இல்ல. டார்ச் அடிச்சா ஒண்ணும் இல்ல. உத்தரத்துல மட்டும் 1081ன்னு வெட்டியிருக்கு. ஆயிரம் வருச வீடு! வேற யாருக்காவது இப்படி மணந்திருக்கா?

குழித்துறை வாத்தியார்:
தம்பி, அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. கி.பி. 825ல தொடங்குனது. 1081ன்னா 1905, 1906. ராஜா இருந்த பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கே ஆயிரம் வயசு கெடையாது. சோத்து மணம் மரநாயோடது, அது மேலயே அப்படி மணக்கும். எங்க ஓட்டுக்கு அடியிலயும் குடியிருந்தது, ராத்திரி ஆனா வீடே கல்யாணப் பந்தல்தான்.

செங்கோட்டை மருமவ:
வாத்தியாருக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு விளக்கம் உண்டு. எங்க மாமியா வீட்டுல பெயின்ட் அடிச்ச பலகைச் சுவரு, பாக்கப் புதுசு மாதிரி. சும்மா சாஞ்சேன், முழங்கை வரைக்கும் உள்ள போயிட்டு. பெயின்ட் தோலை விட்டுட்டு மிச்சத்தைக் கரையான் தின்னிருக்கு. அதுக்கும் மரநாய்னு சொல்லுவீங்களா?
தம்பி, மணத்தை விடுங்க. மொதல்ல கூரை ஓடுகளைப் பாருங்க. ஒரு ஓடு வெலகுனா ரெண்டு மழைக்காலத்துல ஓட்டைத் தாங்குற கைமரம் போச்சு. பலகையக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போடச் சொல்லுங்க, இல்லேன்னா எந்தப் பொருத்தும் திரும்பச் சேராது. தேக்கு, அயனி எதுன்னாலும் முந்திரித்தோட்டு எண்ணெய் பூசுங்க, கரையான் அண்டாது. கையில பட்டா வெந்து போகும், உறை போட்டுக்கிடுங்க. பழைய சுண்ணாம்புச் சுவத்துல சிமென்ட் பூசக்கூடாது, ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு மரத்தை அழிச்சிரும். பழைய தூண் வாங்குற புரோக்கரை வாசப்படி ஏத்தாதீங்க.

குழித்துறை வாத்தியார்:
கரையானை நான் எப்பம்மா மரநாய்னு சொன்னேன்? தம்பி, புடிச்சு அடிச்சுறாதீங்க, வனவிலங்குச் சட்டத்துல வரும். பகல்ல போய் எச்சம் கெடக்கான்னு பாருங்க.

கல்குளத்துக்காரன்:
பாத்தேன். கைமரத்து மூலையில பழக்கொட்டையா குமிஞ்சு கெடக்கு. மரநாய்தான். மாமா மகன்ட்ட சொன்னா, "மரநாய் எதுக்குலே அம்மச்சி வச்ச சோறு மாதிரி மணக்கணும்?"னு கேக்கான்.

குழித்துறை வாத்தியார்:
உங்க அம்மச்சி காலத்துல தக்கலையில ஏது பாஸ்மதி?