16 விதியில் ஒரு மொழியாம்!

மூணாம்_நெரை: நம்ம மலேசியாவில், சுங்கை சிப்புட் இளைஞர் குழுவில் ஒரு தம்பி எழுதியதைப் பார்த்தீர்களா? "தமிழ், மலாய், சீனம் கலந்து நானே ஒரு புது மொழி செய்துவிட்டேன். எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழிக்கே 16 விதிதான், எனக்கு 12 போதும்" என்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தொல்காப்பியத்தில் ஏறக்குறைய 1600 நூற்பா. பதினாறு விதியில் என்ன வரும்? மளிகைச் சாமான் பட்டியல்தான் வரும்.

லயத்துப்_பிள்ளை: அண்ணே, அந்தத் தம்பி நான்தான். எஸ்பெராண்டோவைச் செய்த ஸாமென்ஹோஃப் என்ற கண் டாக்டர் 1887-ல் வார்சாவில் வெளியிட்ட முதல் புத்தகத்திலேயே 16 விதி இருக்கிறது. பெயர்ச்சொல் ஓ-வில் முடியும், பெயரடை ஆ-வில் முடியும். இன்றைக்கும் பேசுகிறார்கள். பிறந்ததிலிருந்து வீட்டில் அதைப் பேசி வளர்ந்தவர்களும் உண்டு.

மூணாம்_நெரை: அந்தப் பதினாறும் ஐரோப்பிய இலக்கணம் ஏற்கெனவே தெரிந்தவனுக்கு எழுதியது. வேற்றுமை, செயப்பாட்டுவினை என்று பேரைச் சொல்லிவிட்டுப் போய்விடும். சொற்களை எந்த வரிசையில் அடுக்குவது என்று அதில் எங்கே இருக்கிறது? அப்புறம் எப்படிப் பதினாறு?

டீச்சரக்கா: விதிக் கணக்கை விடுங்கள். எஸ்பெராண்டோவில் அப்பா 'பாத்ரோ', அம்மா 'பாத்ரீனோ'. அப்பாவுக்கு ஒரு ஒட்டு வைத்து அம்மாவைச் செய்திருக்கிறார்! ஒரே ஆள் மேசையில் உட்கார்ந்து செய்தால் இப்படித்தான். நிகராகுவாவைப் பாருங்கள். 1970-களின் கடைசியிலும் 80-களிலும் காது கேளாத பிள்ளைகளைப் பள்ளியில் ஒன்று சேர்த்தார்கள். ஆசிரியர்கள் உதட்டைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் தங்களுக்குள்ளேயே ஒரு சைகைமொழியை உண்டாக்கிவிட்டார்கள். பின்னால் வந்து சேர்ந்த வாண்டுகள்தான் அதன் இலக்கணத்தை இறுக்கிக் கட்டினார்கள்.

மூணாம்_நெரை: அதைத்தான் டீச்சர் நானும் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் பதினாறு என்று எண்ணிக்கொண்டா உட்கார்ந்தார்கள்?

பால்வாளி: என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். உளி பட்ட கோட்டில் கடைசியாக வடிந்த பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்கும். மறுநாள் இருட்டோடு இருட்டாக நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்துச் சாக்கில் போடுவார். அது 'கோட்டுப்பால்'. பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்து கிடப்பது 'கட்டிப்பால்'. துரையும் வைக்கவில்லை, பண்டிதரும் வைக்கவில்லை. சீவினவர்கள் வாயில் வந்த பேர். சொல் என்றால் அப்படி வரணும்.

லயத்துப்_பிள்ளை: பாட்டி செய்தால் சொல், பேரன் செய்தால் கூத்தா? நானும் அதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தான். சீனர் கடையில் பாட்டி பேசிய பாசார் மலாய், அந்தச் சந்தை மலாய், வானத்திலிருந்தா விழுந்தது?

மூணாம்_நெரை: யாரும் விதி போட்டு, நோட்டீஸ் ஒட்டி அதைத் தொடங்கவில்லை, தம்பி.

லயத்துப்_பிள்ளை: நோட்டீஸைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள் அண்ணே. போன தைப்பூசத்துக்கு நீங்கள் அடித்த நோட்டீஸில் 'பால்க்குடம்'. நான் திருத்திக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள், அவ்வளவுதான். இன்னும் மறக்கவில்லை.

மூணாம்_நெரை: அது அச்சடித்தவர் செய்த தப்பு. நான் 'பாற்குடம்' என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

பால்வாளி: பாற்குடமா? எங்கள் கோயிலில் காலங்காலமாகப் பால்குடம்தான். யாரும் மாற்ற வேண்டாம்.

டீச்சரக்கா: இரண்டும் சரி. ஒற்று மட்டும்தான் தப்பு. பேச்சு எங்கேயோ போகிறது.

மூணாம்_நெரை: எங்கேயும் போகவில்லை டீச்சர். பால்குடமும் சரி, பாற்குடமும் சரி, பால்க்குடம் மட்டும் தப்பு என்று சொல்லவே தமிழில் எத்தனை நூற்பா படிக்கணும்! இவர் பதினாறில் முடிக்கிறார். பதினாறு!

லயத்துப்_பிள்ளை: என்னுடையது 12. நாளை ராத்திரி முழுசாக இங்கேயே போடுகிறேன்.

மூணாம்_நெரை: போடுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பதினாறுக்குப் பதில் சொல்லுங்கள்.